உன் பேரில் உள்ளே போ

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன நடையை மட்டும் நடப்பதில்லை. நீ ஒரு வார்த்தை சொல், உன் பேச்சைத்தான் கேட்பாள்.

காலையில் போனில் நீ கேட்டது ஒன்று, என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. கேட்டதற்கு முதலில் பதில் எழுதுவதுதான் முறை. இந்த சர்வர் வேலையிலேயே இருப்பதா, உதறிவிட்டுச் சென்னையில் அந்த எத்திக்கல் ஹேக்கிங் கோர்ஸில் சேர்வதா என்று கேட்டாய். பேச்சோடு பேச்சாக, சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய்: "எங்க டீம்ல எல்லாருக்கும் ஒரே ரூட் பாஸ்வேர்டுதான் மாமா. வாட்ஸ்அப் குரூப்லயே பின் பண்ணி வெச்சிருக்காங்க." நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கொஞ்சம் குரலை உயர்த்தியிருந்தால், நீ போனை வைப்பதற்குள் உன் அம்மாவுக்குச் செய்தி போயிருக்கும். அதனால்தான் கடிதம்.

கோர்ஸ் விஷயம். நீ அனுப்பிய விவரச் சீட்டை இரண்டு தடவை படித்தேன். மோசம் என்று சொல்ல மாட்டேன். என்மேப், மெட்டாஸ்ப்ளாய்ட், காளி லினக்ஸ் என்று எல்லாம் இருக்கிறது. கட்டணத்தைப் பார்த்து உன் அப்பா என்ன சொல்வார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், அதை விடு. முடிவு உன்னுடையது, நான் எதையும் திணிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனி. உடைப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒரு மெஷினில் நாற்பது பேர் உட்கார்ந்து வேலை செய்யும்போது ஒருவர் கோப்பு இன்னொருவர் கையில் போகாமல் இருப்பது எப்படி என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. யூசர், குரூப், பர்மிஷன் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மதியம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு.

அங்கே கற்றுக்கொண்டதைப் போகிற வருகிற சர்வரில் எல்லாம் சோதித்துப் பார்க்கலாம் என்ற நினைப்பு வந்துவிடும், அது இன்னொரு பயம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66: கெட்ட நோக்கத்தோடு அடுத்தவர் கணினியில் அனுமதியில்லாமல் நுழைந்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம் நல்லது என்று நீ சொல்லலாம். ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, இப்போது அந்த பாஸ்வேர்டுக்கு வருகிறேன். வராமல் என்னால் இருக்க முடியாது என்பது உனக்கே தெரிந்திருக்கும்.

பழைய ஆபீஸில் நடந்ததை உன் அம்மா அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். முழுசாகக் கேள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. 486 மெஷின் ஒன்று, அதில் எஸ்சிஓ யூனிக்ஸ், அதிலிருந்து வயர் இழுத்து அறை முழுக்க டெர்மினல்கள். மெஷினில் எதையும் செய்ய விடுகிற அந்த ரூட் பாஸ்வேர்டு எங்கே இருந்தது தெரியுமா? மேலதிகாரி மேசைக் கண்ணாடிக்கு அடியில், சாமி படத்துக்கும் எல்ஐசி காலண்டர் அட்டைக்கும் நடுவில், துண்டுச் சீட்டில். நாங்கள் நாலு பேர் அதை உபயோகித்தோம். எல்லோரும் நம்ம ஆட்கள்தானே, எதற்குத் தனித்தனியாக என்றுதான் அன்று எல்லோரும் சொன்னார்கள்.

தீபாவளிக்கு முன் போனஸ் கணக்கு வைத்திருந்த டைரக்டரி ஒரு நாள் மாலை காணோம். முழுசாகப் போயிருந்தது. ரூட்டின் ஹிஸ்டரி கோப்பைத் திறந்து பார்த்தோம். கார்ன் ஷெல்லில் ஒரே பெயரில் நாலு பேர் உள்ளே இருந்தால் நாலு பேர் அடித்ததும் ஒரே கோப்பில்தான் கலந்து விழும், நேரமும் இருக்காது. மேலே யாரோ பிரிண்டர் வரிசையைப் பார்த்திருக்கிறார்கள். கீழே யாரோ தேதியைப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் அந்த ஆர்எம் வரி, ஒரு கோடு ஆர், அதன் பின்னால் டைரக்டரியின் பெயர். யார் விரல் அடித்தது? 'லாஸ்ட்' போட்டுப் பார்த்தால் ரூட், ரூட், ரூட், ரூட். டெர்மினல் எண்ணை வைத்துப் பிடிக்கலாம் என்றால், அந்த அறையில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதற்கு என்ன கணக்கு?

டூட்டி ரெஜிஸ்டரில் அன்று மாலைக்கு இருந்த பெயர் தற்காலிக வேலையில் இருந்த பையனுடையது. உன் அம்மா கல்யாணத்தில் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு ஓடினானே, வீடியோவில் பார்த்திருப்பாய், அவன்தான். மறுநாள் வேலையை விட்டு அனுப்பினார்கள். விசாரணை என்ற பெயரில் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அச்சடித்து வைத்திருந்த பட்டியலைப் பார்த்து மறுபடி எல்லாவற்றையும் அடித்தோம், போனஸ் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அவன் அதன் பிறகு கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு சந்தேகம் உண்டு, எழுத மாட்டேன். அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்பதால் என்மேல் சந்தேகம் உள்ளவர்களும் இருப்பார்கள், அவர்களிடம் காட்ட என்னிடமும் ஒன்றும் இல்லை.

இப்போது உன் டீமில் எத்தனை பேர் பாப்பா? யார் புதுசு?

பழைய கதை என்று தள்ளாதே, இதைவிடப் பழைய கதையும் இதைத்தான் சொல்கிறது. பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினி ஒன்று எம்ஐடியில் 1961-இல் சிடிஎஸ்எஸ் என்ற பெயரில் காட்டப்பட்டது. அதைச் செய்த குழுவின் தலைவர் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்ற வழக்கமும் அங்கிருந்துதான் பரவியது என்பார்கள். அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், யார் லாக்-இன் செய்தாலும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் திரையில் ஓடியது. என்ன நடந்தது தெரியுமா? அங்கே எடிட்டர் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர்தான் வைக்கும். ஒரு டைரக்டரியில் ஒருவர்தான் இருப்பார் என்று நம்பி எழுதியது. ஆனால் சிஸ்டம் பார்ப்பவர்கள் மட்டும், வசதிக்காக, ஒரே டைரக்டரியைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் பாஸ்வேர்டு கோப்பையும் இன்னொருவர் வரவேற்புச் செய்தியையும் ஒரே நேரத்தில் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. மற்ற யூசருக்கெல்லாம் சட்டம், நமக்கு மட்டும் சலுகை என்று நினைத்தவர்கள் அட்மின்கள்தான். கார்பட்டோ தன் டூரிங் விருது உரையிலேயே இதைச் சொன்னார். பெரிய மனுஷர்.

உங்கள் ஆபீஸில் சூடோ இருக்கிறது, யாரும் தொடுவதில்லை என்று நினைக்கிறேன். அது 1980 வாக்கில் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில், பாப் கோகெஷல், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் எழுதியது. உன் பேரில் உள்ளே போகிறாய், தேவைப்படும்போது ஒரு கமாண்டுக்கு மட்டும் ரூட்டின் அதிகாரத்தைக் கடன் வாங்குகிறாய், அது லாக் ஃபைலில் ஒரு வரியாக விழுகிறது. உபுண்டுவில் ஆத்-லாக், ரெட்ஹேட் வகையறாவில் செக்யூர் என்று கோப்பின் பெயர் மாறும். அந்த வரியை நாளைக்கு நிதானமாகப் படித்துப் பார். தேதி, நேரம், உன் பெயர், எந்த டெர்மினல், எந்த டைரக்டரியில் நின்றாய், யாராக மாறினாய், என்ன கமாண்டு. அந்தப் பையனுக்கு இப்படி ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

சூடோ வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு 'சூடோ சு' போட்டு ரூட் ஷெல்லில் நாள் முழுக்க உட்காருபவர்களும் உண்டு. லாக்கில் ஷெல் திறந்தது ஒரு வரி, அதற்குப் பிறகு மௌனம். ஒருவருக்கு ஒரு கோப்பைத் திருத்த மட்டும் 'சூடோ விஐ' கொடுத்தால், விஐ-க்குள் இருந்தபடியே அவர் ஷெல்லுக்குப் போகலாம், அது ரூட் ஷெல். லெஸ்ஸும் அப்படித்தான். அதற்குத்தான் சூடோஎடிட் என்று ஒன்று தனியாக இருக்கிறது. சூடோயர்ஸ் கோப்பை விசூடோ இல்லாமல் திறக்கவே கூடாது. ஒரு எழுத்துப் பிழை போதும், எல்லோரும் வெளியே நிற்க வேண்டி வரலாம். சூடோவையும் குருட்டுத்தனமாக நம்பாதே. 2011-இல் உள்ளே நுழைந்த ஓட்டை ஒன்றை 2021 ஜனவரியில்தான் குவாலிஸ் நிறுவனத்தார் வெளியே சொன்னார்கள். சூடோ அனுமதியே இல்லாத சாதாரண யூசர்கூட ரூட் ஆகலாம் என்கிற அளவு ஓட்டை. அப்டேட்டைத் தள்ளிப்போடுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

ஆடிட்-டி என்ற சேவையையும் படி. உள்ளே வரும்போது உன்மேல் ஒட்டுகிற லாக்-இன் எண், நீ சூடோ போட்டாலும் சு போட்டாலும் கூடவே வரும். அதையும் உங்கள் வாட்ஸ்அப் குரூப் கெடுத்துவிட்டது. வாசலிலேயே ரூட்டாக வருகிறவர்களுக்கு ஒட்டுகிற எண் பூஜ்யம்தான்.

நீ செக்யூரிட்டி, செக்யூரிட்டி என்கிறாயே, உளவாளியைப் பிடித்த கதையே கணக்குப் பார்த்ததில் தொடங்கியதுதான். 1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்டு ஸ்டால் என்ற வானியல்காரரை கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒவ்வொரு யூசரும் எவ்வளவு நேரம் மெஷினை உபயோகித்தார் என்று பார்த்துக் காசு வசூலிப்பது வழக்கம். மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. இன்றைய ஆபீஸாக இருந்தால் ரவுண்டு ஆஃப் செய்துவிட்டுப் போவார்கள். அவர் தோண்டினார். முகவரி இல்லாத யூசர் ஒருவர் கிடைத்தார். பிறகு, இங்கிலாந்துக்குப் போய்விட்ட ஒருவரின் பெயரில் யாரோ உள்ளே நடமாடுவது தெரிந்தது. ஊரில் இல்லாத மனுஷர் எப்படி லாக்-இன் செய்வார்? பல மாதம் பின்தொடர்ந்ததில் ஜெர்மனியில் உட்கார்ந்து கேஜிபிக்குத் தகவல் விற்றுக்கொண்டிருந்த மார்கஸ் ஹெஸ் பிடிபட்டான். ஆளுக்கொரு பெயரும் பெயருக்கொரு கணக்கும் அங்கே இருந்தது. எல்லோரும் ரூட்டாக இருந்திருந்தால் எந்த 75 சென்ட், எந்த இங்கிலாந்து?

அந்த ஹெஸ் ரூட் ஆனது ஈமாக்ஸ் எடிட்டரோடு வந்த மூவ்மெயில் என்ற சின்ன நிரலின் வழியாக. அங்கே அதற்கு செட்-யுஐடி ரூட் கொடுத்து நிறுவியிருந்தார்கள். இந்த செட்-யுஐடி உனக்கு மூளையில் ஏற வேண்டும் என்றால் விவரச் சீட்டு உதவாது, கையால் செய்து பார்க்க வேண்டும். உன் அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில்தானே கிடக்கிறது? வீட்டுக்குப் போகும்போது கீழே இறக்கு. டெபியன் போடு. அம்மா, அத்தை, அண்ணன் என்று மூன்று யூசர் உருவாக்கு. அத்தையாக உள்ளே போய் அம்மாவின் கோப்பைப் படிக்க முடிகிறதா பார். உபுண்டுவில் 21.04 பதிப்பு வரும்வரை புதிதாக உருவாக்கிய ஹோம் டைரக்டரியை அடுத்த யூசர் எட்டிப் பார்க்கலாம், அந்தப் பதிப்பில்தான் 750 ஆக்கி மூடினார்கள். எத்தனை பேர் அதுவரை கவனித்திருப்பார்கள்?

டெம்ப் டைரக்டரியை நீளப் பட்டியலில் பார்த்தால் பர்மிஷனின் கடைசியில் ஒரு 'டி' இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் அடுத்தவர் கோப்பை அழிக்க முடியாது என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு, அண்ணனாகப் போய் அத்தையின் கோப்பை அழி. அழியும். மறுபடி போட்டுவிட்டு முயற்சி செய். அதற்குப் பிறகு பாஸ்வேர்டு மாற்றுகிற கமாண்டின் பர்மிஷனைப் பார், 'எக்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'எஸ்' இருக்கும். பாஸ்வேர்டு விவரம் உள்ள ஷேடோ கோப்பில் எழுத ரூட்டால்தான் முடியும், ஆனாலும் சாதாரண யூசர் தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்கிறாரே, எப்படி? அந்த 'எஸ்'தான், அதுதான் செட்-யுஐடி: யார் ஓட்டினாலும் நிரல் அதன் சொந்தக்காரர் அதிகாரத்தில் ஓடும். டென்னிஸ் ரிட்சியின் யோசனை, 1979-இல் காப்புரிமையே கிடைத்தது. லேப்டாப்பில் 'எஸ்' உள்ள நிரல்களை ஃபைண்ட் போட்டுப் பட்டியல் எடுத்து, இது எதற்கு, இது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேள். பதில் தெரியாத ஒன்றை எனக்கு எழுது. எனக்கும் தெரியாமல் இருக்கலாம், சேர்ந்து தேடுவோம்.

ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் சிஎச்மோட் 777 போட்டு எல்லோருக்கும் கதவைத் திறந்துவிடுகிற ஆட்கள் உன் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் என் பிரஷர் ஏறும். மேலே போகிறேன்.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும் என்பது இப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சுருக்கமாக முடிக்கிறேன். 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்ததில் 2,831 எளிதில் பிடிபடக்கூடியவை. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் ஒரு புழு பரவியது. மற்ற ஓட்டைகளோடு, 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துப் பாஸ்வேர்டு ஊகிக்கிற வேலையும் அதற்குத் தெரியும். அதை எழுதியவன் அந்த ராபர்ட் மோரிஸின் மகன். அப்பா எழுதியதை ஒழுங்காகப் படித்த பிள்ளை! நீங்கள் சாவியைக் கொண்டு எஸ்எஸ்எச் செய்கிறீர்கள், பாஸ்வேர்டு லாக்-இன்னை அணைத்திருக்கிறீர்கள் என்றால் இதில் பாதித் தலைவலி இல்லை. அணைத்திருக்கிறீர்களா? ஆத்-லாக்கைத் திற. பொது ஐபி உள்ள சர்வர் என்றால் அட்மின், டெஸ்ட், ரூட் என்று ஊர் பெயர் தெரியாத முகவரிகளிலிருந்து கதவு தட்டுவது வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த ரூட் வரியில் என்றைக்காவது 'ஃபெயில்டு' என்ற இடத்தில் 'அக்செப்டட்' என்று வந்தால், அது உங்கள் டீமில் ஒருவரா வெளியாளா என்று எப்படிச் சொல்வாய்?

வேலையை விட்டுப் போனவர்களை நினைத்தால் இன்னும் கலக்கமாக இருக்கிறது. குரூப்பிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டாலும் பழைய செய்தி அவர் போனில் அப்படியே இருக்கும், அதில் பாஸ்வேர்டும் இருக்கும். யாராவது போகும்போதெல்லாம் மாற்றுகிறார்களா? ஒரு இடத்திலும் மாற்றி நான் பார்த்ததில்லை. தனித்தனிப் பெயர் இருந்தால் அந்த ஒருவர் கணக்கை மட்டும் மூடினால் போதும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. யூசர்மோட் போட்டுப் பாஸ்வேர்டைப் பூட்டினால் பாஸ்வேர்டுதான் பூட்டும். அவர் வைத்துவிட்டுப் போன எஸ்எஸ்எச் சாவி பல இடங்களில் தொடர்ந்து வேலை செய்யும். கணக்கின் காலாவதித் தேதியையும் முடித்துவிடு, சாவிக் கோப்பையும் எடு, அவர் பெயரில் ஓடுகிற கிரான் வேலைகளையும் பார். அவசரப்பட்டு யூசரை அழித்தும் விடாதே. அழித்தால் அவருடைய எண் காலியாகும், அடுத்து வருபவருக்கு அதே எண் போகலாம். பழைய குடித்தனக்காரருக்கு வந்த கடுதாசியைப் புதுக் குடித்தனக்காரர் பிரித்துப் படிப்பதுபோல, முன்னவர் விட்டுப்போன கோப்பெல்லாம் புதியவருடையதாகிவிடும்.

இதையெல்லாம் ஆபீஸில் போய்ச் சண்டையாகப் பேசாதே. உன் வாய் உன் அம்மா வாய், எனக்குத் தெரியும். புதுப் பெண் வந்து பாடம் எடுக்கிறாள் என்பார்கள். முதலில் உனக்கு மட்டும் ஒரு கணக்கு கேள். "எனக்குப் பழக வேண்டும் சார்" என்று சொல், யாரும் மறுக்க மாட்டார்கள். சாவி உருவாக்கு, அதற்குப் பாஸ்ஃபிரேஸ் போடு, உன் பேரிலேயே நாலு வாரம் வேலை செய். பிறகு டீம் லீடருக்கு மெயில் எழுது, வாயால் சொல்லாதே. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவை அதில் குறிப்பிடு. லாக் ஃபைல்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. 180 நாள் லாக்கைச் சேர்த்து வைத்து, எல்லா வரியிலும் ரூட் என்றே இருந்தால் அதைக் கேட்பவர்களுக்கு என்ன காட்டுவார்கள்? இந்தக் கேள்வியை மரியாதையாக, கடைசி வரியில் கேள். மேலே இருப்பவர்களுக்குச் சட்டம் என்றால் காது கேட்கும்.

சம்மதித்தால் ரூட்டின் எஸ்எஸ்எச் வாசலை மூடும் நாள் வரும். அன்றைக்கு ஒரு விண்டோவில் உள்ளே இருந்தபடியே, இன்னொரு விண்டோவில் உன் பேரில் நுழைந்து, சூடோ வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் விண்டோவை மூட வேண்டும். ரூட் பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றி, கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மேனேஜர் பீரோவில் வைக்கச் சொல். குரூப்பில் பின் செய்ததை எடுக்கச் சொல். சம்மதிக்கவில்லை என்றால், உன் மெயில் தேதியோடு இருக்கும். அதன் நகலைப் பத்திரமாக வை.

கோர்ஸைப் பற்றிக் கேட்டாய், நான் எங்கெங்கோ போய்விட்டேன். இரண்டும் நல்ல வழிதான், ஆனால் வேலை எதைக் கற்றுத் தரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் நூலகத்துக்குள் யாரோ பின்வாசல் வைத்த விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். நம்பிக்கையைச் சம்பாதிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் செலவு செய்து, எஸ்எஸ்எச் வழியாக உலகத்துச் சர்வர்களுக்குள் நுழையப் போட்ட திட்டம். அதைப் பிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை பார்ப்பவர், செக்யூரிட்டி அவர் தொழிலே கிடையாது. எஸ்எஸ்எச் லாக்-இன் அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று உறுத்தி, விடாமல் தோண்டினார். தன் மெஷின் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த உறுத்தல் வரும். அதற்கு எந்தக் கோர்ஸிலும் நேரம் ஒதுக்க மாட்டார்கள், சர்வரோடு இரண்டு வருஷம் இருந்தால் தானாக வரும். அதற்குப் பிறகு கோர்ஸில் சேர்ந்தால் நீதான் வாத்தியாரைக் கேள்வி கேட்பாய். காளி லினக்ஸே 2020 வரை ரூட்டாகத்தான் திறந்துகொண்டிருந்தது, 2020.1 பதிப்பில் திருந்தி, சாதாரண யூசராக்கிவிட்டார்கள். உங்கள் ஆபீஸ்தான் பாக்கி.

முடிவு உன்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ரொம்பப் பேசிவிட்டேன் போல. அத்தை இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "பிள்ளைக்குக் கடுதாசியா, குற்றப் பத்திரிகையா" என்று கேட்டுவிட்டுப் போனாள். மனசில் வைத்துக்கொள்ளாதே கண்ணு. நம் இரண்டு வீட்டிலும் தானாக ஒரு ஊருக்குப் போய், தானாக வேலை தேடி, தானாக வாடகை கொடுக்கிற முதல் பெண் நீ. உன்னைப் பற்றிப் பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். கோர்ஸ்தான் பிடித்திருக்கிறது என்றால் சேர், உன் அப்பாவிடம் நான் பேசுகிறேன், முதல் தவணையை நானே கட்டுகிறேன், திருப்பித் தர வேண்டாம். வேலை பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு இங்கே வந்து நாலு மாசம் சும்மா இரு, ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்றாயாம். தேங்காய் பர்பியும் பூண்டு ஊறுகாயும் பார்சலில் வருகிறது. ஊறுகாய் பாட்டிலை நேராக வைத்துப் பிரி, அத்தை எண்ணெய் நிறைய விட்டிருக்கிறாள். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது ஆட்டோ நம்பரை எனக்கு அனுப்பு. நேரம் பார்க்க வேண்டாம், நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
மாமா

பி.கு.: லேப்டாப்பைப் பரணிலிருந்து நீ ஏறி இறக்காதே, அண்ணனை இறக்கச் சொல். சார்ஜர் என்னிடம்தான் இருக்கிறது, பார்சலில் வைத்திருக்கிறேன்.